எந்த அட்மினைக் கேட்பது?

கோயம்புத்தூரில், ஸ்பின்னிங் மில்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டெக்னிக்கல் ரைட்டராக இருக்கிறேன். எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்கள் திண்டுக்கல், ராஜபாளையம், உடுமலை என்று மில் மில்லாகப் போகிறவர்கள். ஒருவர் ஓரிடத்தில் கண்டுபிடித்த தீர்வு, வேறோர் ஊரில் அதே பழுதோடு மல்லுக்கட்டுகிறவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக மீடியாவிக்கி நிறுவினோம். பலர் சேர்ந்து திருத்தும் தளத்துக்கு விக்கி என்று பெயர், அதை ஓட்டும் மென்பொருள் இது. மென்பொருள் நன்றாகவே ஓடுகிறது. அதற்கான உதவிப் பக்கங்களை எழுதுவதும், தமிழில் கொண்டுவருவதும், கேள்வி வந்தால் பதில் சொல்வதும் என் பொறுப்பு.

கேள்விகளில் பெரும்பாலானவை சொற்களைப் பற்றியவை. அதிலும் கடினமான சொற்களால் தொந்தரவு குறைவு. ‘டிரான்ஸ்குளூஷன்’ என்று எழுதியிருந்தால் ஆள் நின்று, “இது என்னங்க?” என்று கேட்டுவிடுவார். அட்மின், டெலீட், மூவ், புரொடெக்ட், டெம்ப்ளேட் போன்றவைதான் பிரச்சினை. இவை எல்லாருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் தெரியும், எக்செலில் தெரியும், வேர்டில் தெரியும். அங்கே பழகின அர்த்தத்தோடு விக்கிக்குள் வருகிறார்கள். இங்கே அதே சொல் வேறு வேலை செய்கிறது. தெரிந்த சொல்லைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, நேராகப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்.

முதலில் அட்மின். எங்கள் பழைய உதவிப் பக்கங்களில் பாதி இடத்தில் “அட்மினைத் தொடர்பு கொள்ளவும்” என்று முடிந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பையன் என் மேசைக்கு வந்தான். “அக்கா, ஒரு பக்கத்தை நீக்கணும், அட்மினைக் கேளுங்கன்னு போட்டிருக்கு. ஐ.டி.யில கேட்டா, அது எங்க வேலை இல்லைங்கிறாங்க. ஹெச்.ஆர்.ல அட்மின் டிபார்ட்மென்ட்னு ஒண்ணு இருக்கு, அங்கயும் போய்ட்டு வந்துட்டேன். யாருக்கா அட்மின்?” அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஒரு சொல்லை மீடியாவிக்கி குறைந்தது நான்கு பேருக்கு வைத்திருக்கிறது.

ஒருவர் சர்வரைப் பார்த்துக்கொள்பவர். லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பைத் திருத்துவது, நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) நிறுவுவது, புதிய பதிப்புக்கு மாற்றுவது, பேக்கப் எடுப்பது எல்லாம் இவர் கையில். இவருக்கு விக்கியில் ஒரு கணக்கே இல்லாமலும் இருக்கலாம். அடுத்தவர் விக்கிக்குள் இருக்கும் நிர்வாகி. பக்கத்தை நீக்குவார், நீக்கியதை மீட்பார், தொல்லை தரும் கணக்கைத் தடைசெய்வார். திரையில் இந்தக் குழுவின் பெயர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’. அமைப்புக் கோப்பில் இதே குழுவின் பெயர் ‘சிஸ்ஆப்’. சிஸ்டம் ஆபரேட்டர் என்பதன் சுருக்கமான அந்தப் பழைய பெயரைப் படிக்கிற எவரும் சர்வர்காரரைத்தான் நினைப்பார்கள்.

மூன்றாமவர் ‘பீரோகிராட்’. தமிழ் விக்கிப்பீடியாவில் இவரை ‘அதிகாரி’ என்கிறார்கள். நிர்வாகிக்கு மேலே இருப்பவர் போலத் தோன்றும், ஆனால் மென்பொருளோடு வரும் இயல்பான அமைப்பில் இவருடைய முக்கிய வேலை, யார் எந்தக் குழுவில் இருக்கலாம் என்று தீர்மானிப்பதுதான். நிர்வாகிக் குழுவில் சேராத அதிகாரியால் ஒரு பக்கத்தைக்கூட நீக்க முடியாது. நான்காமவர் இடைமுக நிர்வாகி, 1.32 பதிப்போடு வந்த குழு. தளம் முழுவதன் தோற்றத்தையும் இயக்கத்தையும் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் பக்கங்களைத் தொடும் உரிமையைச் சாதாரண நிர்வாகிகளிடமிருந்து எடுத்து, இந்தக் குழுவுக்கென்று ஒதுக்கினார்கள். அந்தப் பக்கங்களில் யாராவது கெட்ட நிரலை வைத்தால் அது தளத்துக்கு வரும் ஒவ்வொருவரின் பிரவுசரிலும் ஓடும் என்பதால் அது சரியான முடிவு.

சின்ன விக்கிகளில் இந்த வேறுபாடு கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. மீடியாவிக்கியை நிறுவும்போது உருவாகும் முதல் கணக்கை நிறுவி நிரலே நிர்வாகி, அதிகாரி, இடைமுக நிர்வாகி மூன்று குழுவிலும் சேர்த்துவிடும். அந்தக் கணக்குக்காரரே சர்வரையும் பார்த்துக்கொண்டால் நான்கு பேரும் ஒரே ஆள், ‘அட்மின்’ என்று சொல்லிவிட்டால் போதும். அந்த ஆள் வேலை மாறிப் போன பிறகுதான் ஒரு சொல்லுக்குள் நான்கு வேலை இருந்தது தெரியவரும்.

எங்கள் பக்கங்களில் இப்போது தனியாக ‘அட்மின்’ என்று எழுதுவதே கிடையாது. ‘சர்வர் பொறுப்பாளர்’, ‘விக்கி நிர்வாகி’ என்ற இரண்டே பெயர்கள். மற்ற இரண்டு குழுக்களும் வருகிற இடத்தில் மட்டும் அவற்றின் முழுப் பெயர். விக்கி நிர்வாகி என்று வரும் இடத்தில், அந்தக் குழுவில் இப்போது இருப்பவர்களை மென்பொருளே பட்டியலிட்டுக் காட்டும் சிறப்புப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்துவிட்டேன். ஆள் மாறினால் உதவிப் பக்கத்தைத் திருத்த வேண்டியதில்லை.

அடுத்தது புரொடெக்ட். எனக்கு அதிகம் கவலை தருவது இந்தச் சொல்தான்.

எக்செலில் ஒரு ஷீட்டுக்கோ, பி.டி.எஃப். கோப்புக்கோ பாஸ்வேர்டு போட்டுப் ‘புரொடெக்ட்’ செய்து பழகியவர்கள் எங்கள் ஆட்கள். மீடியாவிக்கியில் ஒரு பக்கத்தைப் பாதுகாப்பது என்றால், அதை யார் திருத்தலாம், யார் பெயர் மாற்றலாம் என்று கட்டுப்படுத்துவது. படிப்பதை அது தொடவே தொடாது. விக்கிக்குள் வர முடிந்த எல்லாரும் பாதுகாக்கப்பட்ட பக்கத்தையும் படிக்கலாம், மூலத்தைத் திறந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம். எங்கள் ஆபீஸில் ஒரு பிரிவில், சப்ளையர்களின் விலைப்பட்டியலை விக்கியில் ஏற்றிவிட்டு, விக்கி நிர்வாகியிடம் சொல்லிப் ‘புரொடெக்ட்’ பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டு வந்துவிட்டது, இனி அது தங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நம்பியிருக்கிறார்கள். சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் ஏதோ தேடும்போது அது தேடல் முடிவில் வந்து நின்றது. அவர் நல்லவர், எனக்கு உடனே போன் செய்தார்.

மீடியாவிக்கியை உருவாக்குகிறவர்கள் இதை மறைக்கவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் படிக்கும் உரிமையைப் பிரித்துக் கொடுப்பதற்காகக் கட்டப்பட்ட மென்பொருள் இது இல்லை, அப்படிச் செய்வதாகச் சொல்லும் நீட்சிகளையும் முழுதாக நம்பாதீர்கள் என்று அவர்களுடைய ஆவணங்களிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அந்த எச்சரிக்கை இருப்பது சர்வர் பொறுப்பாளர்களுக்கான கையேட்டில். ‘புரொடெக்ட்’ செய்யச் சொல்லும் கணக்குப்பிரிவு ஆள் அந்தப் பக்கம் போகவே மாட்டார். அவர் பார்க்கும் இடத்தில் எழுத வேண்டும். எங்கள் சொல் விளக்கப் பட்டியலில் அந்தச் சொல்லுக்கு நேராக இப்போது இப்படி இருக்கிறது:

“பாதுகாத்தல்: இந்தப் பக்கத்தை யார் திருத்தலாம் என்று கட்டுப்படுத்துவது. இது பக்கத்தை மறைக்காது. விக்கியில் நுழையும் எல்லாரும் படிக்கலாம். எல்லாரும் படிக்கக்கூடாத எதையும் விக்கியில் போடாதீர்கள்.”

இதில் அதிகம் உழைப்பது இரண்டாவது வாக்கியம் என்பது என் எண்ணம். ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது அது என்ன செய்யும் என்று எழுதுவதுதான் வழக்கம். படிக்கிறவர் மனதில் ஏற்கெனவே ஓர் அர்த்தம் உட்கார்ந்திருக்கிறபோது அது மட்டும் போதவில்லை. புது விளக்கத்தைப் படித்துவிட்டு, பழைய அர்த்தத்தையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார். எது நடக்காது என்று நேரடியாகச் சொன்னால்தான் பழையது வெளியே போகிறது.

டெலீட் இன்னும் சிக்கலானது, ஏனென்றால் அங்கே ஒரு சொல்லுக்குள் நான்கு செயல் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ‘எல்லாருக்கும் நீக்கு’ என்று அழுத்திப் பழகியவர், விக்கிப் பக்கத்தில் தவறுதலாக ஒட்டிய பாஸ்வேர்டை, அந்தப் பக்கத்தைத் திருத்தி அழித்துவிட்டு, சேமித்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போவார். பக்க வரலாற்றைத் திறந்தால் முந்தைய பதிப்பில் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். அது முதல் வகை, வெறும் திருத்தம். இரண்டாவது, விக்கி நிர்வாகி முழுப் பக்கத்தையும் நீக்குவது. மற்றவர்கள் கண்ணிலிருந்து போய்விடும், ஆனால் பதிப்புகள் தரவுத்தளத்தில் தனி அட்டவணைக்கு மாற்றி வைக்கப்படுகின்றன. நிர்வாகிகள் பார்க்கலாம், வேண்டும்போது மீட்கலாம். மூன்றாவது, பக்கத்தை விட்டுவிட்டு ஒரு குறிப்பிட்ட பதிப்பை மட்டும் வரலாற்றில் மறைப்பது. எங்கள் விக்கியில் அந்த உரிமையை விக்கி நிர்வாகிகளுக்குக் கொடுத்திருக்கிறோம். நான்காவது, நீக்கி வைத்த பதிப்புகளைத் தரவுத்தளத்திலிருந்தே அழிப்பது. அதற்குப் பொத்தான் கிடையாது. சர்வர் பொறுப்பாளர் கட்டளை வரியில் ஒரு பராமரிப்பு நிரலை ஓட்ட வேண்டும். அப்புறமும் பழைய பேக்கப்பில் இருக்கும்.

இந்த நான்கையும் ‘நீக்குதல்’ என்று ஒரே பெயரில் எழுதியிருந்த பக்கத்தைப் பிரித்து, அழித்துத் திருத்துதல், பக்கத்தை நீக்குதல், பதிப்பை மறைத்தல், தரவுத்தளத்திலிருந்து அழித்தல் என்று தனித்தனிப் பெயர் வைத்தேன். அதோடு ஒரு வரி: பாஸ்வேர்டு ஒட்டிவிட்டால் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது, விக்கியைச் சுத்தம் செய்வது அப்புறம். சொல் விளக்கப் பட்டியலில் இப்படி அறிவுரை வரலாமா என்று ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லைத் தேடி வருகிறவர் பதற்றத்தில் வருகிறார், அவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான் என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

மூவ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். விண்டோஸில் மூவ் என்றால் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு. மீடியாவிக்கியில் ஃபோல்டரே இல்லை. ‘நகர்த்து’ என்றால் பெயர் மாற்று என்று அர்த்தம். பழைய பெயரில் வருகிறவர்களைப் புதிய பெயருக்கு அனுப்ப ஒரு வழிமாற்றை விட்டுச்செல்லும். ‘ரீநேம்’ எங்கே இருக்கிறது என்று மெனு முழுக்கத் தேடுகிறவரும், பக்கத்தை வேறு பகுப்புக்கு (கேட்டகரிக்கு) மாற்ற ‘மூவ்’ அழுத்துகிறவரும் ஒரே குழப்பத்தின் இரண்டு பக்கம். பகுப்பை மாற்ற வேண்டுமென்றால் அந்தப் பக்கத்தைத் திறந்து, அடியில் இருக்கும் பகுப்பு வரியைத் திருத்த வேண்டும். ஒரே பக்கம் பல பகுப்பில் இருக்கலாம், எந்த ஃபோல்டரிலும் அது நடக்காது.

டெம்ப்ளேட்டுக்கு வருகிறேன். எங்கள் வேலையில் இது உயிர் சம்பந்தப்பட்டது.

வேர்டிலும் பவர்பாயின்ட்டிலும் டெம்ப்ளேட் என்றால் காலி படிவம். திறப்போம், நம் விவரத்தை நிரப்புவோம், சேமிப்போம். அதற்குப் பிறகு மூலப் படிவத்தை யார் மாற்றினாலும் நம் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. மீடியாவிக்கியின் வார்ப்புரு நேரெதிர். இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் வார்ப்புருவின் பெயரைப் போட்டால், பக்கத்தில் சேமிக்கப்படுவது அந்தப் பெயர் மட்டும்தான். பக்கத்தைக் காட்டும்போது மென்பொருள் வார்ப்புருவின் இப்போதைய உள்ளடக்கத்தை எடுத்துவந்து அங்கே வைக்கிறது. வார்ப்புருவைத் திருத்தினால் அதை அழைக்கும் அத்தனை பக்கமும் மாறும். இதைத்தான் டிரான்ஸ்குளூஷன் என்கிறார்கள். அதே அடைப்புக்குறிக்குள் பெயருக்கு முன்னால் ‘சப்ஸ்ட்’ என்று சேர்த்து ஒரு முக்காற்புள்ளி போட்டால் கதை வேறு. சேமிக்கும் அந்த நொடியில் வார்ப்புருவின் உள்ளடக்கம் பக்கத்துக்குள் நகலாக ஊற்றப்படும், அதோடு தொடர்பு முடிந்தது. வேர்டில் பழகிய டெம்ப்ளேட்டுக்குச் சமமானது இந்த இரண்டாவது வகை.

எங்கள் சர்வீஸ் பக்கங்களின் தலையில் ஓர் எச்சரிக்கைப் பெட்டி உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட்டு, டேக் மாட்டிவிட்டுத்தான் கவரைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் பெட்டி. அது ஒரு வார்ப்புரு. பழைய உதவிப் பக்கத்தில் “எச்சரிக்கை டெம்ப்ளேட்டைப் பக்கத்தில் சேர்க்கவும்” என்று மட்டும் இருந்தது. சிலர் பெயரை மட்டும் போட்டார்கள். சிலர் எங்கேயோ பார்த்த சப்ஸ்டோடு போட்டார்கள். சிலர் வார்ப்புருப் பக்கத்தைத் திறந்து, உள்ளே இருந்ததை நகலெடுத்து ஒட்டினார்கள். மூன்றும் ‘சேர்ப்பது’தானே. திரையில் மூன்றும் ஒரே மாதிரி தெரியும், சிவப்புப் பட்டை, உள்ளே வெள்ளை எழுத்து.

பாதுகாப்புக் குழு அந்த எச்சரிக்கையில் ஒரு வரி கூட்டியது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், டிரைவ் பேனலைத் தொடும் முன் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும் என்கிற வரி. வார்ப்புருவில் திருத்திச் சேமித்தோம். பெயரால் அழைத்த பக்கங்களில் புது வரி வந்தது. மற்றவற்றில் வரவில்லை. அதைவிட மோசம், அவற்றைக் கண்டுபிடிக்கவும் நேர்வழி இல்லை. ஒரு வார்ப்புருவை எந்தெந்தப் பக்கங்கள் அழைக்கின்றன என்று மீடியாவிக்கி அழகாகப் பட்டியல் போட்டுக் காட்டும், ஆனால் நகலாக ஊற்றப்பட்டவை அந்தப் பட்டியலில் வராது. பழைய எச்சரிக்கையின் ஒரு சொற்றொடரைத் தேடலில் போட்டு, ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மூலத்தைப் பார்த்துத்தான் மாற்ற முடிந்தது. எனக்கும் பாதுகாப்புக் குழுவில் இருந்த ஒரு அண்ணாவுக்கும் அன்றைக்கு அதுதான் வேலை.

இப்போது எங்கள் பக்கங்களில் ‘சேர்’ என்ற சொல்லை வார்ப்புருவோடு சேர்த்து எழுதுவதில்லை. ‘வார்ப்புருவை அழை’ என்றால் உயிர்த்தொடர்புள்ளது, ‘வார்ப்புருவை நகலிடு’ என்றால் சப்ஸ்ட். பாதுகாப்பு எச்சரிக்கையை எப்போதும் அழைக்க வேண்டும், நகலிடவே கூடாது என்று பட்டியலில் தடித்த எழுத்தில் இருக்கிறது. மாதாந்திர அறிக்கை போல, எழுதிய நாளில் இருந்தபடியே நிற்க வேண்டிய பக்கத்துக்கு நகலிடுவது சரி. இரண்டுக்கும் இடம் உண்டு, பெயர் மட்டும் ஒன்றாக இருக்கக்கூடாது.

இதன் வாலாக ஒரு சொல்: பர்ஜ். வார்ப்புருவைத் திருத்தினால் பல பக்கங்கள் மாற வேண்டும், அந்த வேலையை மென்பொருள் வரிசையில் போட்டு மெல்ல மெல்லச் செய்யும். நடுவில் பழைய தோற்றமே கொஞ்ச நேரம் தெரியலாம். அப்போது ‘பர்ஜ்’ செய்யச் சொல்வோம். அகராதியில் பார்த்தவர்கள் துடைத்தெறிவது என்று படித்துவிட்டுக் கை வைக்கவே பயப்பட்டார்கள். “தற்காலிகச் சேமிப்பைப் புதுப்பித்தல். பக்கத்தின் உள்ளடக்கமோ வரலாறோ எதுவும் அழியாது” என்று எழுதிய பிறகுதான் தைரியமாக அழுத்துகிறார்கள்.

இதையெல்லாம் எழுதுகிறபோது மீடியாவிக்கியின் சொந்த ஆவணங்களை நிறையப் படிக்க நேர்ந்தது. அவர்கள் தளத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, அது பலர் கண்ணில் படுவதில்லை. பக்கத் தலைப்பு ‘ஹெல்ப்’ என்று தொடங்கினால் அது படிக்கிற, திருத்துகிற ஆளுக்கானது. ‘மேனுவல்’ என்று தொடங்கினால் சர்வர் பொறுப்பாளருக்கும் நிரலருக்கும். தேடுபொறி வழியாக உள்ளே விழுகிறவர் இதைக் கவனிக்காமல், மேனுவல் பக்கத்தில் இருக்கும் அமைப்பு வரியைத் தன் விக்கிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று நிற்பார். அந்த ஹெல்ப் பக்கங்களுக்கு இன்னொரு சிறப்பு, அவை பொதுவுடைமை. எந்த விக்கியும் நிபந்தனையில்லாமல் எடுத்து, தன் ஊருக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொள்ளலாம். எங்கள் தமிழ் உதவிப் பக்கங்களும் அங்கிருந்து தொடங்கியவைதான். அந்த உழைப்பைக் கொடுத்தவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

பெயர்களில் அவர்களுக்கே ஒரு தலைவலி இருக்கிறது, அதற்கென்று தனிப் பக்கமே வைத்திருக்கிறார்கள். விக்கி, விக்கிப்பீடியா, விக்கிமீடியா, மீடியாவிக்கி. விக்கி என்பது பலர் சேர்ந்து திருத்தும் தளம் என்ற வகைப்பெயர். வார்டு கன்னிங்ஹாம் 1995-இல் தொடங்கிய முதல் விக்கிக்கு ஹவாய் மொழியில் ‘விரைவு’ என்று அர்த்தம் வரும் சொல்லை வைத்தார். விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் வந்த கலைக்களஞ்சியம். விக்கிமீடியா என்பது அதையும் சகோதரத் திட்டங்களையும் நடத்தும் அறக்கட்டளை, 2003 ஜூனில் அறிவிக்கப்பட்டது. மீடியாவிக்கி என்பது அவற்றை ஓட்டும் மென்பொருள், நாங்கள் ஓட்டுவதும் அதுதான். விக்கிமீடியா என்ற பெயரை முன்பின்னாகத் திருப்பிப் போட்ட விளையாட்டாகத்தான் 2003-இல் அந்தப் பெயர் வந்தது. விளையாட்டின் பலனை இன்றுவரை அனுபவிக்கிறோம். எங்கள் விக்கியில் எழுதினால் விக்கிப்பீடியாவில் வந்துவிடுமா, ஊர் உலகம் பார்க்குமா என்று மில்லிலிருந்து ஒருவர் பயந்து போன் செய்திருக்கிறார். இது போதாதென்று, மென்பொருளுக்குள்ளேயே ‘மீடியாவிக்கி’ என்று ஒரு பெயர்வெளி (பக்கங்களை வகை பிரிக்கும் தலைப்பு முன்னொட்டு) உண்டு, எட்டாம் எண். பொத்தான்களிலும் அறிவிப்புகளிலும் வரும் வாசகங்கள் அங்கே இருக்கின்றன. “மீடியாவிக்கியில் மாற்றிவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால் மென்பொருளிலா, பெயர்வெளியிலா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வாசகங்கள் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மீடியாவிக்கியின் திரை வாசகங்களை டிரான்ஸ்லேட்விக்கி என்ற தளத்தில் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கிறார்கள். அங்கே மொழிகளின் பட்டியலில் ‘க்யூ க்யூ க்யூ’ என்ற குறியீட்டில் மொழியல்லாத ஒரு மொழி இருக்கிறது. ஒவ்வொரு வாசகத்துக்கும் இது எங்கே வரும், வினையா பெயரா, இந்த இடத்தில் எண் வருமா ஆள் பெயர் வருமா என்று விளக்கும் குறிப்புகள் அதில் எழுதப்படுகின்றன. ‘எடிட்’ என்று ஒரே சொல்லாக வருவது பொத்தானில் இருந்தால் தமிழில் ‘தொகு’, வரலாற்றுப் பட்டியலில் இருந்தால் ‘தொகுப்பு’. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பவர் என்ன செய்வார்?

இதன் தம்பி ‘க்யூ க்யூ எக்ஸ்’. பக்க முகவரியின் கடைசியில், காட்டும் மொழியாக இந்தக் குறியீட்டைக் கொடுத்தால், திரையில் வாசகங்களுக்குப் பதிலாக அவற்றின் உட்பெயர்கள் தெரியும். உதவிப் பக்கம் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை. ‘அனுமதி இல்லை’ என்று ஒருவர் படம் பிடித்து அனுப்பினால், அது எந்த அனுமதி, எந்தக் குழுவுக்கானது என்று உட்பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எட்டாம் பெயர்வெளியில் அதே பெயரில் பக்கம் தொடங்கி, எங்கள் ஆட்களுக்குப் புரியும்படி வாசகத்தை மாற்றவும் செய்யலாம். இந்தச் செயல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவினருக்கு மட்டும் என்று வந்த அறிவிப்பை நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். இப்போது விக்கி நிர்வாகிகள் பட்டியலின் இணைப்பு அந்த அறிவிப்பிலேயே வருகிறது. உதவிப் பக்கம் வரைக்கும் யாரும் வர வேண்டியதில்லை. குழப்பம் பிறக்கும் திரையிலேயே விளக்கத்தை வைக்க முடிந்தால், எந்தச் சொல் விளக்கப் பட்டியலையும்விட அது மேல்.

இன்னும் தீராத ஒன்று ‘எடிட்’. விஷுவல் எடிட்டர் 1.35 பதிப்பிலிருந்து மீடியாவிக்கியோடு சேர்ந்தே வருகிறது. அதை இயக்கிய விக்கியில் ‘எடிட்’ என்று அழுத்தினால் வேர்டு போன்ற திரை திறக்கும், குறியீடுகளோடு திருத்த ‘எடிட் சோர்ஸ்’ என்று பக்கத்தில் இன்னொன்று இருக்கும். இயக்காத விக்கியில் அதே ‘எடிட்’ நேராகக் குறியீடுகள் உள்ள திரைக்குப் போகும். எங்களுடைய பழைய படவிளக்கங்கள் இரண்டாவது வகையைக் காட்டுகின்றன, புதியவை முதல் வகையை. இரண்டையும் படித்தவர் தன் திரை பழுதாகிவிட்டது என்று நினைக்கிறார். காட்சித் திருத்தி, மூலத் திருத்தி என்று பெயர் வைத்து, ஒவ்வொரு வழிமுறையின் தொடக்கத்திலும் எந்தத் திருத்தியில் என்று எழுதிக்கொண்டு வருகிறேன். பாதிப் பக்கங்கள் முடிந்திருக்கின்றன.

பட்டியலை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துதான் வைத்திருக்கிறோம். போன வாரம் ராஜபாளையம் பக்கம் போகும் இன்ஜினியர் ஒருவர் ‘பேச்சுப் பக்கம்’ என்று ஒரு புதுப் பதிவைச் சேர்த்திருந்தார். “இது சாட் இல்லை. இங்கே எழுதினால் எதிராளிக்கு உடனே மணி அடிக்காது. அவசரம் என்றால் போன் பண்ணுங்கள். யார் எழுதியது என்று தெரிய நான்கு டில்டே குறி (~~~~) போடுங்கள்.” நான் அதில் திருத்தியது ஒரு எழுத்துப்பிழையை மட்டும்தான்.